இரண்டு பச்சைத் துளைகள்

என் கணினிக்கு முகத்தில் ஒரு பச்சைத் துளை,
முதுகில் ஒரு பச்சைத் துளை.
முதுகிலிருந்து கிளம்பும் கம்பி
சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகிறது.
அங்கே இரண்டு ஸ்பீக்கர், ஒரு கட்டில்,
கட்டிலில் என் தம்பி எலியேசர்.

புந்தா அரேனாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
போன மார்ச்சில் மூளைக்குள் ரத்தம் அடைத்து
வலப்பக்கம் முழுக்க வேலைநிறுத்தம்.
பேச்சு உண்டு, கொஞ்சம் வழுக்கும்.
காது மட்டும் முன்னைவிடக் கூர்மை.
பகலெல்லாம் நீரிணையின் காற்று அறிக்கை கேட்பான்:
எத்தனை நாட், எந்தத் திசை,
எந்தப் படகு பாதியில் திரும்பியது.

நான் நீதிமன்ற ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குகிறவள்.
நிமிடக் கணக்கில் கூலி.
வேறு யார் காதிலும் விழக்கூடாதென்று
மூன்று பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.
ஆகவே ஹெட்போன்.
ஆகவே முன்துளை.

முன்னால் செருகினால் பின்னால் ஊமை.
இந்தப் பெட்டியின் சுபாவம் அது.
நான் செருகிய நொடியில்
அடுத்த அறையில் காற்று நின்றுவிடும்.
இடக்கையால் கரண்டியை எடுத்துக்
கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவான்.
சத்தம் போச்சு என்று அர்த்தம்.
தெரியும் என்று நான் சுவரில் ஒரு தட்டு.

ஏழு மாதம் இப்படி.
அவனுக்கு ஒரு மணி நேரம், எனக்கு ஒரு மணி நேரம்,
ஒற்றைக் குழாயில் முறைவைத்துத் தண்ணீர் பிடிப்பதுபோல.

கூரைத் தகரம் உதறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு,
தெருவில் ஆட்கள் கயிற்றைப் பிடித்து நடந்த நாள்,
ஒலி அமைப்பைத் திறந்தேன்.
மூலையில் எறும்பளவு எழுத்து.
அதைத் தொட்டால் உள்ளே இன்னொரு பெட்டி.
முன்னும் பின்னும் ஒரே நேரத்தில்
வேறுவேறு ஒலி தரலாமாம்.
பக்கத்தில் ஒரு வெற்று வட்டம்.
தொட்டேன். புள்ளி விழுந்தது.

ஏழு மாதத்துக்கும் சேர்த்து
ஒரு புள்ளி.

காற்றைப் பின்னுக்கு அனுப்பினேன்,
சாட்சிகளை முன்னுக்கு அழைத்தேன்.
அவனுக்குக் காற்று நிற்கவில்லை.
எனக்குக் கூலி நிற்கவில்லை.
நாலாம் நாள் கரண்டிச் சத்தம்:
இரண்டு தட்டு.
ஓடினேன். ஸ்பீக்கர் பேசிக்கொண்டுதான் இருந்தது.
"சத்தம் வருதே, எலியேசர்?"
"சத்தம் வருது. நீ இருக்கியான்னுதான் தெரியல."

ஊமையாவதைத்தான் அவன்
நான் நாற்காலியில் உட்கார்ந்ததன் அடையாளமாக வைத்திருந்தானாம்.
இதை எந்த அமைப்பில் போய்த் திருத்துவது?

பிறகு ஒரு நள்ளிரவில், என்னைக் கேளாமல்,
கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
காலையில் அரைத் தூக்கத்தில் வேலையைத் தொடங்கினேன்.
என் காதில் மேற்குக் காற்று, நாற்பத்தைந்து நாட்.
ஏதோ தப்பு என்று உறைப்பதற்குள்
அடுத்த அறையில் கிடங்குத் திருட்டு வழக்கின் மூன்றாம் சாட்சி
முழுக் குரலில் சத்தியம் செய்துகொண்டிருந்தார்:
"அன்றிரவு மூன்றாம் கிடங்கின் கதவை
நான்தான் பூட்டினேன்."

"பொய்," என்றான் எலியேசர்.

கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போய் நின்றேன்.
கண் கூரையில் இருந்தது.
"மூணாம் கிடங்குக்கு ஏதுக்கா கதவு?
புயல்ல போனது போனதுதான்.
தார்ப்பாய் கட்டி வச்சிருந்தோம்.
முடிச்சு நான் போட்டது."

காதில் விழுந்ததை எழுதுவது என் வேலை.
எந்தக் காதில் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.
திரும்பி வந்து, பட்டியலைத் திறந்து,
அவரவரை அவரவர் துளைக்கு அனுப்பினேன்.
தட்டச்சு செய்தேன்:
நான்தான் பூட்டினேன்.
முற்றுப்புள்ளி வைக்க விரல் வரவில்லை.
வைத்தேன்.

பின்னால் காற்று ஐம்பத்திரண்டுக்கு ஏறியது.
முன்னால் அந்த ஆள் இன்னும்
இல்லாத கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.
சுவரில் ஒரு தட்டு தட்டினேன்.
கொஞ்ச நேரம் கழித்து
கரண்டி ஒருமுறை.