எலாஸ்டிக் மட்டும்

ஜூன் முதல் வாரம், விதைப்பு முடிந்த மறுநாள்
ஆர்லெட் பிலோடோ என் வீட்டுப் படியேறி வந்து கேட்டாள்:
"உன் நிலத்தில் ஒரு ஜட்டி புதைக்கலாமா?"

எழுபது வயது ஆளிடம் இப்படிக் கேட்டால்
அவன் என்னதான் சொல்வான்.
காபி ஊற்றினேன்.

வெள்ளைப் பருத்தி, சாயம் போடாதது,
சஸ்கட்டூனில் வாங்கிய மூன்று சேர்ந்த பொட்டலம்.
ஒன்று அவளுடைய கனோலாவில்,
ஒன்று என் பார்லிக்கு நடுவில்.
மூன்றாவது?
"அது ரெனேவுக்கு" என்றாள். "அவரும் மனிதர்தானே."

ஒரு சாண் ஆழம்.
இடுப்புப் பட்டை மட்டும் வெளியே தெரிய
பக்கத்தில் ஓர் ஆரஞ்சுக் கொடி.
அறுபது நாள் கழித்துத் தோண்டலாம்.

பதினொரு வருடமாக உழாதவள் அவள்.
கலப்பையை விற்ற காசில்
அரிதாளுக்கு இடையிலேயே விதையைச் செருகும் எந்திரம் வாங்கினாள்.
முதல் மூன்று வருடம் வட்டாரமே சிரித்தது. நானும்.
களை. ஈரம். நாள் கடந்து முளைத்த பயிர்.
வங்கியிலிருந்து ஒருவன் வந்து
காலணியில் சேறு படாத தூரத்தில் நின்று பேசிவிட்டுப் போனான்.
இன்றும் வருடத்துக்கு ஒருமுறை களைக்கொல்லி அடிக்கிறாள்.
"புனிதர்கள் யாரும் இந்தப் பக்கம் விவசாயம் பண்ணுவதில்லை" என்பாள்.

நான் உழுதேன்.
அகல உழுதேன், ஆழ உழுதேன்,
பனிக்கு முன் ஒருமுறை, பனிக்குப் பின் ஒருமுறை.
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும் பையனின் தலைபோல்
வகிடு வகிடாய்க் கருத்த வயல்.
அழகு. சத்தியமாக அழகு.
மே மாதக் காற்றில் அந்த அழகு எழுந்துபோய்
ஆர்லெட் உலர்த்திய துணிகளில் படியும்.

ஆகஸ்டில் தோண்டினோம்.

அவள் பக்கம்
மிதிக்காமலே இறங்கியது மண்வெட்டி.
காளான் வாசனை.
கொடியடியில் ஓர் எலாஸ்டிக் வளையம், கொஞ்சம் தையல் நூல்.
மற்றதை யாரோ தின்றுவிட்டார்கள்.
யாரோ என்றால்
பெயர் வைக்கப்படாத கோடிப் பேர்.
ஒரு மண்புழு அந்த வளையத்துக்குள் நுழைந்து
தன்பாட்டுக்கு வெளியேறியது.

என் பக்கம்
இருவரும் மாறி மாறி ஏறி மிதித்தோம்.
வந்தது, முழுசாக.
லேபிளைப் படிக்க முடிந்தது:
வெந்நீரில் துவைக்கவும்.
துவைத்தால் உடுத்தலாம்.

ஆர்லெட் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.
மண்ணை உதறி நாலாக மடித்து என் கையில் தந்தாள்.
இறந்தவரின் துணிகளை
மருத்துவமனையில் வீட்டாரிடம் தருவார்களே,
அப்படி.

நாற்பத்தாறு வருடம் என் மேசையில் ரொட்டி வைத்த நிலம்.
அதற்குப் பசியே எடுக்காததை
அமைதி என்று எண்ணியிருந்தேன்.

அன்றோடு மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
அறுவடை முடிந்ததும் வழக்கம்போல் உழுதேன்,
குட்டையோரப் பன்னிரண்டு ஏக்கரைத் தவிர.
அங்கே அரிதாளுக்குள்
ஆர்லெட்டின் எந்திரம் கம்பு ரையை விதைத்துவிட்டுப் போயிற்று,
வாடகை பேசி, இருட்டிய பிறகு.
"ஏன், டீசல் தீர்ந்துவிட்டதா?"
கூட்டுறவுக் கடையில் கேட்டான் வசில் ஒன்ஷுக்.
முதுகு வலி என்றேன்.

அக்டோபரில், தரை உறையுமுன் ஒரு மாலை
துவைத்து வைத்திருந்த அதை எடுத்துப்போய்
ரை முளைகளுக்கு நடுவே புதைத்தேன்.
மே வரைக்கும் கீழே யாரும் வாயைத் திறக்கப்போவதில்லை,
தெரியும்.
கொடி நடவில்லை. வசில் பார்ப்பான்.

மூலைக் கம்பத்திலிருந்து வடக்கே
நாற்பத்தொரு எட்டு.
என் எட்டு. ஆர்லெட்டின் எட்டு அல்ல.