வலது காது

ஹெப்சியின் நிச்சயத் தட்டுகள் இரண்டு.
ஒன்றில் எலி மோண்டிருந்தது.
மற்றதில் என் இளையவன்
சாயா தம்ளர் வைத்த வளையம்.

பழைய வேட்டி கிழித்து
நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே துடைத்தேன்.
வட்டமாகத் துடைக்கக் கூடாது.
கருங்கல் கம்ப்யூட்டர் சென்டரில் நான் படித்த
ஒரே உருப்படியான பாடம் அது.

நாற்பத்து மூன்று சதவீதத்தில்
டிரைவ் மூச்சுப் பிடித்து நின்றது.
அழகியமண்டபம் ஜங்ஷனில் ஒரு பஸ்
ஆளை ஏற்றி, ஆரன் அடித்து,
தக்கலைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.
பிறகு நாற்பத்து நான்கு.

ஹெப்சி கட்டிலில் கால் தொங்கப்போட்டுப்
பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.
"கிடைக்குமா மைனி?"

பத்மநாபபுரம் கோர்ட்டில்
அவன் வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்:
ஒரு குந்துமணி வாங்கவில்லை.

படம் எனக்கு வேண்டாம்.
படத்தில் டார்வின் அண்ணன்
மூட்டை மூட்டையாய் ரோஜா இதழ் கொட்டியிருந்தார்.
மோதிரப் பெட்டி இதயமாகி வெடிக்கும்.
எல்லார் வாயும் அசையும்,
எல்லார் வாயிலும் ஒரே புல்லாங்குழல்.

ஒலியை மட்டும் உருவினேன்.
நெத்திலி ஆயும் விரலுக்கு
இது பெரிய வேலையில்லை.

திரையில் இரண்டு கோடுகள்.
மேலே இடது: தும்புக் கயிறு போல ஒரே தடிமன்.
கீழே வலது: மெலிந்து, அங்கங்கே திமிறி.
டார்வின் அண்ணனுக்கு நேரமில்லையோ, தெரியவில்லையோ,
பாட்டை இடப்பக்கம் மட்டும் ஏற்றியிருக்கிறார்.
ஏழு வருஷமாகக் காமிராவின் வலது காது
மூடாமலே கிடந்திருக்கிறது.

இடதை அழித்தேன்.

மின்விசிறி. நாற்காலி இழுபடுவது.
போதகரின் இருமல்.
ஒரு குழந்தை, "மூத்திரம், மூத்திரம்."
பிறகு தரகர் பொன்னையன் மைக்கைத் தட்டி
சந்தையில் தேங்காய் எண்ணும் குரலில்:
உருப்படி எண்பத்தொண்ணு பவன்.
ரொக்கம் நாலு லெட்சம்.
திக்கணங்கோட்டில் பன்னிரண்டு சென்ட், கிணறு உட்பட.
கைதட்டல்.

ஹெப்சி முறத்தைக் கீழே வைத்தாள்.
"ஒருக்கா கூட போடுங்க."
போட்டேன்.
"அந்தக் கைதட்டுல வளையல் சத்தம் கேக்குல்லா,
அது நான்தான்."

வக்கீல் கேட்டது அவ்வளவுதான்.
கைதட்டல் அடங்கும் இடத்தில் வெட்ட
மௌஸை இழுத்துக்கொண்டே போனேன்.
அங்கே, மைக்குக்கு அப்பால், காமிராவை ஒட்டி,
மாமாவின் சிரிப்பு:
"போட்டும் ஓய். நம்ம பயலுக்கு வாறவகிட்ட
பிடிச்சாப் போச்சு."

நாலு நொடி.

அன்றைக்கு நான் கருங்கலில்
மௌஸ் பிடிக்கவே படித்துக்கொண்டிருந்தேன்.
வாறவள் என்று எனக்கொரு பெயர்
ஏற்கெனவே இருந்தது தெரியாது.
அம்மா அந்த வருஷம்தான்
வாழைத்தோட்டத்துப் பத்திரத்தைத் தேடி எடுத்து
பைபிளுக்குள் வைத்தாள்.

ஹெப்சி என்னைப் பார்க்கவில்லை.
"கேசுக்கு அது வேண்டாமே மைனி.
வெட்டணும்னா வெட்டிருங்க.
இல்ல, கெடக்கட்டும்னாலும்..."
முடிக்கவில்லை.

வெட்டலாம்.
அலை பூஜ்யத்தைத் தொடும் இடமாகப் பார்த்து
இரண்டு முனையும் சேர்த்தால்
தையல் காதுக்குத் தெரியாது.
முற்றத்தில் மாமா ரப்பர் ஷீட்டைப் புரட்டிப் போட்டபடி
யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார்.
அதே குரல்தான்,
இப்போது இரண்டு காதிலும்.

வெட்டினேன். எறியவில்லை.
வேறொரு ஃபைலில் ஒட்டியதும்
என்ன பெயர் என்றது கம்ப்யூட்டர்.
பெனிற்றா என்று அடித்தேன்.
நானூறு கேபி கூட இல்லை.

கோர்ட்டுக்கு அசல் தட்டும் கூடப் போகிறது.
அதில் ரோஜா இதழ்களுக்கு அடியில்
மாமா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.
வலது காதால் கேட்கிறவர் அங்கே யாரும் இருந்தால்
கேட்கட்டும்.

எழுதி முடிந்த தட்டு
லேசான சூட்டோடு நாக்கை நீட்டி வந்தது.
ஹெப்சி மார்க்கர் பேனாவின் மூடியைக் கடித்துத் திறந்து
கேஸ் நம்பரைக் குண்டு குண்டாய் எழுதினாள்.
மூடியைப் போடாமலே கேட்டாள்,
"வெறும் தட்டு இன்னொண்ணு உண்டா?"

உண்டு.