டிசம்பர் முப்பது, நாலு நாற்பது

வெளியே சுழியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஔலு நகரில் இந்த மாதம்
சூரியன் இரண்டு மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
நாங்கள் ஐந்துவரை விளக்கெரிக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கு முடிய
எனக்கு ஒரு கார் குறைகிறது.
ஒன்றே ஒன்று.
விற்றால் போனஸ்,
மகள் பிஹ்லாவின் பல்லுக்குக் கம்பி.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஐரி கெம்பைனன்
என்னைப் பார்க்கவில்லை.
சுவரில் நாட்காட்டியைப் பார்த்தார்.
காகித ஆலையில் தடிமன் அளப்பவராம்.
கேட்காமலே சொன்னார், எச்சரிக்கைபோல.

சாம்பல் நிற வண்டி.
பத்து மாதம் எங்கள் வாடிக்கையாளர்கள்
ஓட்டிப் பார்த்து இறங்கிப் போனது.
ஆறாயிரத்து நூறு கிலோமீட்டர்.
‘புதுசு மாதிரி’ என்று நான் ஒட்டிய அட்டையில்
‘மாதிரி’யின் மேல் விரலை வைத்தார்,
வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு கையுறையை விரித்து அதன்மேல் மண்டியிட்டார்.
டார்ச் வெளிச்சத்தில் அடிவயிறு பார்த்தார்,
சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவர்போல.
சட்டைப் பையிலிருந்து சின்னக் கருவி ஒன்று,
கதவு கதவாக வைத்து எடுத்தார்.
பின் இடது கதவில் இரண்டு முறை.

ஜூனில் ஒரு மாணவன் கம்பத்தில் உரசியது.
பூசி மறைத்தோம்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
எனக்குக் காது சுட்டது.

உட்கார்ந்தோம். காப்பி ஊற்றினேன்.
‘பதினெட்டாயிரம்’ என்றார்.
அட்டையில் இருபத்தொன்று தொள்ளாயிரம்.
அதன் பிறகு
எங்கள் ஊர் வழக்கப்படி
இருவரும் பேசவில்லை.

வேறு ஊர்களில் சத்தம் போட்டுப் பேரம் பேசுவார்களாம்,
எழுந்து போவதுபோல் போய்
வாசலில் திரும்புவார்களாம்.
இங்கே முதலில் வாய் திறப்பவன் தோற்றான்.
குளிர்பதனப் பெட்டி முனகியது.
பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிப் போனது.
நாலு ஐம்பத்திரண்டு.
நாலு ஐம்பத்தைந்து.
காப்பியில் ஆடை கட்டியது.

‘பத்தொன்பது’ என்றேன்.
என் குரல் என்றே தெரியவில்லை.
‘பதினெட்டு நானூறு.
குளிர்கால டயர் நாலும் சேர்த்து.’

அந்த டயர் தனிக் கணக்கு, எழுநூறு.
யானையைக் கொடுத்தபின்
அங்குசத்துக்கு மல்லுக்கட்டுவதா?
கை கொடுத்தேன்.
அவர் கையில் என் கை மட்டும் வியர்த்திருந்தது.

பழைய காரை ஒப்படைக்கிறீர்களா என்றேன்.
அதை அண்டை வீட்டுக்காரருக்கு
நேற்றே விற்றாயிற்று என்றார்,
உங்கள் விலையைவிட அதிகமாக.
நான் இன்னும் விலையே சொல்லவில்லை.

கையெழுத்தாகி, சாவி கைமாறி,
சிவப்புப் பின்விளக்கு பனிக்குள் கரைந்தபின்
கோப்பையை எடுத்தேன்.
அடியில் நாலாய் மடித்த சீட்டு.
பென்சிலில் ‘மிஞ்சிப்போனால் 19,600.’

மறந்தாரா, வைத்துவிட்டுப் போனாரா,
இன்றுவரை தெரியாது.

என் மேசை இழுப்பறையிலும்
மேலாளர் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று உண்டு.
‘கடைசி விலை 17,700.’
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஏமாந்தது யாரென்று கணக்குப் போட
ஐந்து நிமிடம் ஆனது.
போட்டு முடிக்கவில்லை.

விளக்கணைத்துப் பூட்டி
பதினெட்டாம் எண் பேருந்துக்கு நின்றேன்.
எனக்குக் கார் கிடையாது.
ஓட்டுநரிடம் டிக்கெட் விலை கேட்டதும்
சொன்னார்.
கொடுத்தேன்.
என்ன ஒரு நிம்மதி.