தில்லை சிவக்கும் மாதம்

காரங்காட்டில் மாசி பிறந்தால்
தில்லை சிவந்துவிடும் என்கிறார்கள்.
நானும் அப்படித்தான் சொல்கிறேன்,
பலகைப் பாதையில் முன்னால் நடந்தபடி,
ஆளுக்கு இருநூறு கொடுத்து வந்தவர்களிடம்.
வனத்துறை தந்த தொப்பி
பச்சையாம்.

கப்பல் வேலைக்குப் போன அன்று
தூத்துக்குடி டாக்டர் ஒரு புத்தகம் விரித்தார்.
புள்ளிகளுக்குள் எண் இருக்கிறதாம்.
எனக்குப் புள்ளிகள்தான் இருந்தன.
ரயில்வேயிலும் அதே புத்தகம், வேறு டாக்டர்.

வலதில் மூன்றாவது மரம்,
நண்டு வளைகளுக்கு மேலே சாய்ந்தது,
அது முதலில் பழுக்கும்.
பிலோமி சொல்லித் தந்த கணக்கு.
மிச்சத்தை நானே பிடித்தேன்:
உதிரப்போகிற இலை
காற்றுக்கு ஒரு நொடி முந்தியே ஆடும்.
தொடாதீங்க, பால் கண்ணுக்கு ஆகாது என்பேன்.
எனக்குச் சிரிப்பு வரும்.

"எவ்வளவு சிவப்பு!" என்பார்கள்.
"இந்த வருசம் கொஞ்சம் கம்மி" என்பேன்.
அது எப்போதும் எடுபடும்.

அப்பால் களரில் உமரி
ரத்தம் கொட்டியதுபோல் கிடப்பதாக
ஒரு பேராசிரியர் குறித்துக்கொண்டார்.
நான் அதைக் கடித்துப் பார்த்ததுண்டு.
உப்பு. நல்ல மொறுமொறுப்பு.

நேற்று மதுரைக்காரப் பிள்ளை ஒன்று,
முன்பல் இல்லாதது,
நான் காட்டிய கிளையைப் பார்த்துவிட்டு
"அது பச்சை, மாமா" என்றது.
அதன் அம்மா அதட்டினாள்.
வேர்களுக்கிடையே தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது.
"நாளைக்குச் சிவக்கும், பாப்பா."

இன்று விடியலில் தனியாக வந்து நிற்கிறேன்.
பழுப்பா, மங்கலா, ஏதோ ஒன்றாய்
அந்தக் கிளை.
பிலோமிக்குப் போன் போட்டேன்.
நண்டு வலை பிரித்துக்கொண்டிருக்கிறாளாம்.
"படம் எடுத்து அனுப்பு,
சொல்றேன்."