ஏழாம் படி

சக்கரம் சுற்றுவது மட்டும்தான் என் வேலை.
தார்த்து நகரில், ஆற்றோரக் கிடங்கின் கீழ்த்தளத்துக்கு
லேலோ தகட்டைக் கொண்டுவருவாள்.
மை தேய்த்து, துடைத்து, ஈரத்தாள் போர்த்தி
இரண்டு உருளைக்கு நடுவே அனுப்புவேன்.
கம்பளியைத் தூக்கும்போது மட்டும்
இருவரும் மூச்சு விடுவதில்லை.

முதல் படியில் வெறும் கோடு.
பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் விற்கும் அகுலினா,
தோளில் வெங்காயச் சடை,
காலடியில் நாய், நாயின் தலைமேல் கை.
செம்பில் வலது, தாளில் இடது.
"இடக்கைக்காரி ஆக்கிவிட்டாயே" என்றேன்.
"ஏரியும்தான் இடம் மாறிவிட்டது,
அது கோபித்துக்கொண்டதா?" என்றாள்.

இரண்டாவதில் பிசின் தூள் தூவி அமிலத்தில் இறக்கினாள்.
மூன்று நிமிடத்துக்கு ஒரு சாம்பல்,
பன்னிரண்டு நிமிடத்துக்கு எங்கள் டிசம்பர்ப் பிற்பகல்.
மூன்றாவதில் நாய்க்கு ரோமம் முளைத்தது,
ஒவ்வொன்றும் ஊசியால், ஒன்பது இரவு.
ஈர மூக்குக்குத் தனியாக ஒரு சொட்டு அமிலம்.
எனக்கு அதோடு போதும் என்றிருந்தது.

நான்காவதுக்கு வந்தபோது நாய் இல்லை.

"எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்" என்றாள்,
சுரண்டுகத்தியை எண்ணெய்த் துணியில் துடைத்தபடி.
அந்த இடத்தில் செம்பு குழிந்திருந்தது.
தகட்டைக் கவிழ்த்து, முதுகில் சுத்தியால் தட்டித் தட்டி
பள்ளத்தை மேலே வரவழைத்தோம்.
ஐந்தாம் படியில்,
பனியில் யாரோ படுத்து எழுந்துபோன மாதிரி ஒரு மங்கல்.
ஆறாவதுக்கு இன்னொரு தகடு, துத்தநாகம்,
வெங்காயத் தோலின் செம்பழுப்புக்காக.
மயிரிழை விலகி, சிவப்பு சடையை விட்டு
ஏரியில் ஒழுகியது. கிழித்துப் போட்டாள்.
ஏழாவது பொருந்தியது.
ஓரத்தில் பென்சிலால் 'இதுபோல்' என்று எழுதி
கையெழுத்துப் போட்டாள்.

ஏறினோமா இறங்கினோமா,
படிகளை எண்ணினால் தெரிவதில்லை.

அந்தக் கை மட்டும் அப்படியே நின்றது
அந்தரத்தில், கிண்ணம் கவிழ்த்தாற்போல.
பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஆசீர்வாதம் என்றார்.
ஒருவர், பிள்ளையின் உயரம் காட்டுகிறாள் என்றார்.
இன்னொருவர், குளிர், கீழே அடுப்பு இருக்கும் என்றார்.

ஏப்ரலில் அகுலினாவே வந்தாள்
பேருந்தில், மடியில் வெங்காயப் பையோடு.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
சாயம் ஏறிய விரலைக் கண்ணாடிமேல் வைத்தாள்,
சரியாக அங்கே.
"மார்ச்சில் பனி உடைந்தபோது போய்விட்டான் புரான்.
உனக்கு யார் சொன்னது?"
லேலோ பிப்ரவரியிலேயே சுரண்டியிருந்தாள்.
அதைச் சொல்ல வாயெடுத்தவள்
கை கழுவப் போனாள்.

எரிக்கச் சொன்ன மூன்றாம் படி
என் இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.
அகுலினா பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள்.
"இது எனக்குத் தெரியுமே" என்றாள்.
அடியில் கிடந்த ஐந்தாவதை உருவி, சுருட்டி,
வெங்காயத்துக்கு நடுவே செருகிக்கொண்டாள்.
விலையாக இரண்டு சடை வைத்துவிட்டுப் போனாள்.

பதினெட்டுப் பிரதி முடிந்ததும்
தகட்டைக் கீறிவிட வேண்டும், அது வழக்கம்.
லேலோ ஊசியைக் குறுக்கே இழுத்தாள்.
கீறியதற்குச் சாட்சியாக ஒன்று எடுத்தேன், எட்டாவது.
கோடு கைக்குள்ளிருந்து கிளம்பி
தாளின் ஓரம்வரை போகிறது,
நடுவில் கொஞ்சம் தொய்ந்து,
எதுவோ அந்தப் பக்கம் நின்று
முகர்ந்துகொண்டிருப்பதுபோல.