இடக்கைக்காரன், பன்னிரண்டு காத்தி

பூலாவ் கெராங்கின் வரலாற்றை
ஐம்பது சொல்லுக்குள் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள்.
மலாய்க்கு இரண்டு பத்தி, சீனத்துக்கு இரண்டு,
ஆங்கிலத்துக்குப் படத்தோடு தனிப் பலகை.
கழிவறை அம்புக்குறிக்குப் பக்கத்தில்
மிச்சமிருந்தது நம் இடம்.

நான் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள்.
பெரியவர்க்குப் பதினெட்டு வெள்ளி, சிறுவர்க்குப் பத்து,
உயிர்காப்புச் சட்டை இலவசம், சில சமயம் ஈரம்.
பள்ளியில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியதை
எவரோ அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

'முன்பு இது மீனவர் தீவு' என்று எழுதி
அடித்தேன்.
முன்பு என்றால் எப்போது?
எங்கள் சுங்கை மெங்குவாங் தோட்டத்தில்
கித்தா நின்றபோதா, செம்பனை வந்த பிறகா,
செம்பனையும் விழுந்து
ஏரியே இல்லாத ஊரில் ஏரிக்கரை வீடுகள் என்று
பேனர் கட்டிய பிறகா?

லயத்து வாசலிலிருந்து பார்த்தால் தீவு
ஆற்றுவாயில் ஒட்டிய
அடிப்பிடித்த சோற்றுப் பருக்கை.
காற்று மாறும் நாளில்
பெலாச்சான் வாடை மட்டும் தண்ணீர் தாண்டி வந்து
பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்கும்.
எங்கள் கித்தாப்பால் வாடையும்
அந்தப் பக்கம் போயிருக்கும்தானே.

இப்போது அங்கே பலகை வீடுகளுக்கு ஐஸ்கிரீம் நிறம்.
இறால் காய்ந்த மேடையில் காப்பிக்கடை.
படகிலிருந்து கோழித்தோல் வீசுகிறார்கள்,
பருந்துகள் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் வருகின்றன.
திங்கட்கிழமை படகில்லை என்பது
அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

சியூ மூன் தன் அப்பா தெங் ஹொக்கின் மீன்கடையைக்
காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறாள். நுழைவு ஐந்து வெள்ளி.
கொடுத்துவிட்டுத்தான் போனேன்.
தராசு, ஐஸ் அறுக்கும் வாள்,
கண்ணாடிக்குள் கரையான் தின்றது போக
ஒரு கணக்குப் புத்தகம்.
எழுத்து அழகென்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.
என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.
திறந்து, மலாயில் மாற்றி மாற்றி வாசித்தாள்.

கோணப்பல், நெத்திலி மூன்று காத்தி.
இரட்டைப்பிள்ளைக்காரி, இரண்டரை.
பாடிக்கொண்டே வருகிறவன், கருவாடு ஒன்று, உப்பு.

எங்கள் பெயர்கள் அவர் நாக்கில் நிற்கவில்லை.
முகங்கள் நின்றிருக்கின்றன.

நாற்பத்தோரு நாள்.
கூலி கூட்டிக் கேட்டுத் தோட்டமே உளி தொடாத நாள்கள்.
கிராணி கடை அரிசியைப் பூட்டினார்.
இருட்டோடு சம்பானில் வந்து
நிப்பா ஓலை மறைவில் கிடந்த மீன் யாருடையது என்று
அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை.
கேட்டால், ஆறு கொடுத்தது என்பாள்.

இடக்கைக்காரன். பன்னிரண்டு காத்தி.

வாசித்து நிறுத்தினாள் சியூ மூன்.
ரப்பர் வளையத்தை டிக்கெட் கட்டில் சுற்றிக்கொண்டிருந்த
என் கையைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.

மற்ற எல்லாருக்கும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு.
அப்பாவை அடுத்த மாதமே
லோரி ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.
மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்
சாகும்வரை ஆற்றுப்பக்கம் போகவில்லை.
தண்ணீரில் கண்டம் என்று ஜோசியக்காரன் சொன்னதாக
நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இன்றைய விலைக்குப் போட்டுச் சொல், கட்டிவிடுகிறேன் என்றேன்.
சியூ மூன் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.
இப்போது கோடு போட்டால்
காட்சிப்பொருள் கெட்டுப்போகுமாம்.

இரவு உட்கார்ந்து எழுதினேன்.
ஆண்டு, பரப்பளவு, நண்டு, பாலம் கட்டிய நிறுவனம்,
எல்லாம் நாற்பத்தேழு சொல்லில் அடங்கிவிட்டன.
மிச்சம் மூன்று.

அச்சகத்துப் பையன் காலையில் அழைத்தான்.
அக்கா, கடைசி வரி வேறெங்கிருந்தோ விழுந்திருக்கிறதே,
எடுத்துவிடட்டுமா?

பத்து மணிப் படகு ஊதிற்று.
இருக்கட்டும் என்றேன்.
பெரியவர் நான்கு, சிறுவர் ஒன்று.
சட்டை ஈரமாக இருக்கிறது என்றார்கள்.
வெயிலில் காய்ந்துவிடும், ஏறுங்கள்.