முன் அனுபவம்

ஞாயிறுதோறும் வெள்ளைச் சீருடையைத் தேய்க்கிறேன்,
மடிப்பு மறந்துவிடாமலிருக்க.
ஹார்மட்டான் காற்று ஹோ நகரத்தின் மேல்
சஹாராவைச் சலித்துக் கொட்டும் மாதங்களில்
அலமாரிக்குள்ளேயே அது பழுப்பேறுகிறது.
மறுபடி துவைத்து, மறுபடி தேய்த்து.
இரண்டு வருடம் ஐந்து மாதம்
யாருடைய ரத்தமும் படாத உடை.

பகலில் நான் மஞ்சள் குடைக்கு அடியில்.
செல்பேசியில் பணம் அனுப்பித் தரும் கடை:
ஒரு மேசை, ஒரு பெஞ்சு, கீறல் விழுந்த இரண்டு போன்.
மார்பில் குத்திக்கொள்ள வாங்கிய கடிகாரம்
கல்லாப்பெட்டியில் சில்லறையோடு கிடக்கிறது.
மகனுக்கு அனுப்பிய பணம் போய்ச்சேரும்வரை காத்திருக்கும்
கிழங்கு வியாபாரியின் மூச்சை
அவளுக்குத் தெரியாமல் அதில் எண்ணுவேன்.
நிமிடத்துக்கு இருபத்தாறு.
"ஆஸ்பத்திரிக்குப் போங்களேன்" என்றேன் ஒருநாள்.
"ஏன், நீ என்ன நர்ஸா?"
உரிம எண்ணை ஒப்பித்துவிடலாம் போலிருந்தது.
கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன்.

தனியார் மருத்துவமனைகள் ஏழு.
ஏழிலும் ஒரே கேள்வி.
அக்ராவில், ஏசி அறையில், டை கட்டிய ஒருவர்
என் சான்றிதழைத் திருப்பி முதுகைப் பார்த்தார்,
அங்கே அனுபவம் எழுதியிருக்குமோ என்று.
வேலை தராமல் அது எப்படி வரும் ஐயா?
கேட்கவில்லை. நன்றி சொன்னேன்.
வெளியே வந்து
பஸ் காசில் அவித்த சோளம் வாங்கித் தின்றேன்.

கூடப் படித்த என்யோனம் பார்படோஸ் போய்விட்டாள்.
கடலின் படம் அனுப்புகிறாள்.
நான் விரலால் பெரிதாக்கி
அவள் சட்டைப்பையில் எத்தனை பேனா என்று பார்க்கிறேன்.

பிறகு ஒரு செவ்வாய்.
முந்நூறு சீடி வரவு, நூற்றிருபது சீடி பற்று,
இரண்டுக்கும் நடுவே அமைச்சகத்தின் குறுஞ்செய்தி:
நியமனம். ஏரித் தீவு. பதினான்கு நாளுக்குள்.
மோசடி என்று முதலில் அழித்துவிட்டேன்.

படகில் நான்கு மணி நேரம்.
மூழ்கிய காட்டின் செத்த மரங்கள்
தண்ணீருக்கு மேலே நின்றன.
ஒன்றில்கூட இலையில்லை; எல்லாவற்றிலும் நீர்க்காகம்.

அறை ஒன்று. கட்டில் ஒன்று.
சூரிய ஒளியில் ஓடும் தடுப்பூசிப் பெட்டி.
எனக்கு முன்னால் இருந்தவர் பதிவேட்டை
மார்ச் ஒன்பதோடு நிறுத்தியிருந்தார்.
வாசலில் வந்து நின்ற பெண்கள்
வரவேற்பையும் விசாரணையையும் ஒரே மூச்சில் முடித்தார்கள்:
"எத்தனை நாள் இருப்பாய்?"
இந்தக் கேள்விக்கு நான் தயாரித்து வரவில்லை.

முதல் நோயாளி டோட்சே.
கட்டைவிரலில் தூண்டில் முள், முனை சதைக்குள்.
காயத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தான்.
"முன்னே எடுத்திருக்கிறாயா?"
அதே கேள்விதான்.
ஆனால் இங்கே ஏசி இல்லை, பொய்க்கு நேரமில்லை.
"இல்லை. ஆரஞ்சுப் பழத்துக்கு நிறைய ஊசி போட்டிருக்கிறேன்."
யோசித்தான்.
"நானும் இந்த முள்ளை மீனுக்குத்தான் போட்டேன்"
என்று கையை நீட்டினான்.

மரத்துப்போக மருந்து.
முள்ளை இழுக்காமல் முன்னே தள்ளி,
வெளியே தலைகாட்டிய கொக்கியை நறுக்கி,
தண்டை வந்த வழியே உருவினேன்.
ஒரு துளி, சரியாக மடிப்பின் மேல்.
பச்சைத் தண்ணீரில் அலசினால் போகும்; வெந்நீர் கூடாது.
அலசவில்லை.

பெயர், வயது, காயம், சிகிச்சை.
கையெழுத்துக்கு விட்ட கட்டம் சின்னது.
செஃபாகோர் அக்பேனியேகா என்று முழுதாக எழுதினேன்.
அடுத்து வரப்போகிறவரின் வரிக்குள்
கொஞ்சம் போய்விட்டது.